குழந்தைக்கு ஆண்ட்ரோஜன் பரிசோதனையா?

பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்போ, ஆண் பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்போ அக்குளில் முடி, முகப்பரு, பெரியவர்கள் போன்ற வியர்வை வாடை தெரிந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்ட்ரோஜன் ஹார்மோனைப் பார்க்கச் சொன்னால், காலை 8 மணியளவில் ரத்தம் கொடுப்பது நல்லது. அப்போதுதான் அதன் அளவு கூடுதலாக இருக்கும். காரைக்காலில் இருப்பவர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை சுமார் 130 கி.மீ.; அங்கே பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தால் முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள், விடியற்காலை பஸ்ஸில் பிள்ளையை அலைக்கழிக்க வேண்டாம்.

சிறு பிள்ளைகளின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் மிகமிகக் குறைவு. வழக்கமான இம்யூனோஅஸ்ஸே பரிசோதனை முறை அவ்வளவு குறைந்த அளவில் தடுமாறும். இன்னும் துல்லியமான மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறை உண்டா என்று ஆய்வகத்தில் கேளுங்கள். முடி வளரத் தரும் பயோட்டின் மாத்திரையும் இம்யூனோஅஸ்ஸே முடிவை மாற்றிவிடலாம். வீட்டில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசினால் மறைக்காமல் சொல்லுங்கள்: தோல் பட்டே குழந்தைக்கு ஏறும். ரிப்போர்ட்டில் பெரியவர்களுக்கான அளவைப் பார்த்துப் பதறாதீர்கள். வயதும் பருவநிலையும் பார்த்தே மருத்துவர் முடிவு சொல்வார்.