சாரல் காலத்திலும் எட்டட்டும் பாடம்

வருகைப் பதிவேட்டில் பெயர் இருப்பதும் வகுப்பில் கற்பதும் ஒன்றல்ல. சிறப்புத் தேவையுள்ள குழந்தை ஒன்று, யாருக்கும் தொந்தரவு தராமல் உட்கார்ந்தபடியே எட்டாம் வகுப்பு வரை போய்விட முடியும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, உள்ளடக்கிய கல்வி என்பதை இரண்டு பகுதிகளாகச் சொல்கிறது: எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து கற்பது, அதற்கேற்பக் கற்பிக்கும் முறையை மாற்றுவது. முதற்பகுதி சேர்க்கையோடு முடிகிறது. இரண்டாவது நம் கையில் இருக்கிறது.

தென்காசி மாவட்டத்திற்கு இது புதிதல்ல. கழுத்துக்குக் கீழே செயலிழந்த நிலையிலும் எஸ்.ராமகிருஷ்ணன் 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி, மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கல்வியும் பயிற்சியும் கிடைக்கச் செய்தார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

என் ஐந்தாம் வகுப்பில் காது கேட்கும் கருவி அணிந்த மாணவன் ஒருவன் இருக்கிறான். குற்றாலச் சீசனில் சாரலுக்காகச் சன்னல்களைச் சாத்தினால் அறை இருண்டுவிடும். என் உதடசைவு அவனுக்குத் தெரியாது. கருவியோ என் குரலோடு மழை இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். அதனால் சில பழக்கங்களை வைத்துக்கொண்டேன்:

1. நன்றாகக் கேட்கும் காது என் பக்கம் இருக்குமாறு முன்வரிசையில் இடம் தருகிறேன்.
2. வெளிச்சம் என் முகத்தில் விழும்படி நிற்கிறேன். கரும்பலகையில் எழுதும்போது பேசுவதில்லை.
3. பக்க எண்ணையும் முக்கியச் சொற்களையும் பலகையில் எழுதுகிறேன்.
4. பிற மாணவர் சொல்லும் விடையை ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன்.
5. "புரிந்ததா?" என்று கேட்பதில்லை, தலையாட்டிவிடுவான். "என்ன செய்யப் போகிறாய், சொல்" என்கிறேன்.

கடைசி வரிசை மாணவர்களுக்கும் இவை உதவுகின்றன.

தேவை மாறினால் வழியும் மாறும். பார்வை குறைந்தவருக்கு எழுதுவதை வாசித்துக் காட்டலாம். எழுதச் சிரமப்படுபவரிடம் விடையை வாய்மொழியாகக் கேட்கலாம். அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு அதே பாடத்தைச் சிறு படிகளாகப் பிரித்துத் தரலாம். எது பொருந்தும் என்பதை வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநரோடும் பெற்றோரோடும் பேசி முடிவு செய்வது நல்லது.

உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒன்று: பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்று வேண்டும் என்பதால், ஒன்பதாம் வகுப்பிலேயே அதற்கான வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

இந்த வாரம் ஒரு பாடவேளையில், சிறப்புத் தேவையுள்ள மாணவர் எத்தனை முறை விடை சொன்னார் என்று குறித்துப் பாருங்கள். ஒருமுறைகூட இல்லையென்றால், அடுத்த நாளின் முதல் கேள்வி அவருக்கானதாக இருக்கட்டும்.