தாய்மாரின் ஆயுள்



றக்வானப் பகுதித் தோட்டங்களில் வாழும் உங்கள் பாட்டிமாரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "நம் குடும்பத்தில் பிள்ளைப்பேற்றில் இறந்தவர் யாராவது உண்டா?" இல்லையென்று உடனே சொல்லக்கூடியவர் சிலரே இருப்பர்.

பொதுவாக ஆணைவிடப் பெண் நீண்டகாலம் வாழ்வதே உலக வழமை. நம் நாட்டிலோ 1946 இல் ஆணின் சராசரி ஆயுள் 44 வயது. பெண்ணின் ஆயுள் 42 மட்டுமே. 1960களின் நடுப்பகுதியிலேதான் பெண் ஆணை முந்தினாள். இன்று அவள் ஆயுள் எண்பதை ஒட்டியிருக்கிறது.

காரணம் என்ன? 1930களில் ஆயிரம் பிரசவங்களுக்கு இருபதுக்கும் அதிகமான தாய்மார் மடிந்தனர். ஏழு பிள்ளை பெற்றவள் அந்த ஆபத்தை ஏழுமுறை கடந்தாக வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய ஏழு பேரில் ஒருத்தி! இன்றோ ஓர் இலட்சம் பிரசவங்களுக்கே முப்பது, நாற்பது பேர்தான்.

இம்மாற்றம் தானாக வந்ததன்று. 1934–35 இல் கேகாலையை வாட்டிய மலேரியா, நாடெங்கும் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. உயிர் தப்பிய பெண்களிடம் அது இரத்தச்சோகையை விட்டுச் சென்றது. தோட்டங்களில் வெறுங்காலோடு நடந்தோரைக் கொக்கிப்புழுவும் உறிஞ்சியது. இரத்தம் குறைந்த தாய், பிறர் தாங்கக்கூடிய சிறு இரத்தப்போக்கையும் தாங்கமாட்டாள். 1946 இல் டி.டி.ரி. தெளிப்புத் தொடங்கியது; பயிற்சி பெற்ற மருத்துவமாதரும் கிராமங்களில் பெருகினர். 1950 ஆவதற்குள் தாய்மரணம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

தோட்டங்கள் இவ்வோட்டத்தில் பின்தங்கியே வந்தன. 1973–74 உணவுத் தட்டுப்பாட்டில் லயங்களில் மரணம் மீண்டும் கூடியது. ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் நம் பெண்களுக்குக் கிடைத்ததே 1984 இல்தான் என்பதையும் மறவாதீர்கள். வீட்டில் கடைசியாக உண்பவளும் அவளே அல்லவா?

கர்ப்பிணிக்கு மருத்துவமாது தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாயத்தண்ணியோடு விழுங்குவது நம்மவர் வழக்கம். தேயிலை அந்தச் சத்தை உடலில் சேரவிடாது. தண்ணீரோடு, முடிந்தால் தேசிக்காய்ச் சாறோடு குடிக்கக் கொடுங்கள். தேநீர் ஒரு மணித்தியாலமாவது கழித்து. திரிபோஷாவும் அவளுக்கென்றே தரப்படுவது. வீட்டிலுள்ள எல்லாரும் ஆளுக்கொரு பிடி தின்றால் அவளுக்கு மிஞ்சுவது வெறும் பை. மாமியார்மார் கோபிக்க வேண்டாம்!

பிரசவத்துக்குப் பின் இரத்தம் நிற்காமல் போனால் இரண்டே மணித்தியாலத்தில் உயிர் போய்விடலாம். மேற்பிரிவு லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு இறங்கவே எவ்வளவு நேரமாகும்? றக்வானையில் இயலாதென்றால் பெல்மதுளையைத் தாண்டி இரத்தினபுரி வரை போகவேண்டுமே. ஆகவே கணவன்மாரே, எட்டாம் மாதத்திலேயே வாகனக்காரரிடம் பேசி வையுங்கள். "மாமா வரட்டும், கேட்டுச் சொல்கிறேன்" என்று வலி கண்டபின் காத்திருக்காதீர்கள்.

பிள்ளைப்பேற்றைத் தாண்டிய பெண்ணை இன்று வாரிச் செல்பவை வேறு: இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பிலும் கருப்பைக் கழுத்திலும் வரும் புற்றுநோய். இவற்றை முன்கூட்டியே கண்டறிய, 35 வயதைக் கடந்தோருக்கென 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. அரைப்பேர் போய்விடுமே என்று நம் பெண்கள் பலர் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. எந்த நாளில் நடக்கிறது என்று உங்கள் மருத்துவமாதுவிடம் கேளுங்கள். அன்று காலை பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வேலையை அப்பா பார்த்துக்கொள்ளட்டும்.