மனநல மருந்துகளும் தாம்பத்திய உறவும்: உச்சநிலை கைகூடாதபோது

மனச்சோர்வுக்கும் பதற்றநோய்க்கும் மருந்து உட்கொள்வோருள் கணிசமானோர், மனம் தெளிந்துவரும் வேளையில் வேறொரு குறையை உணர்கின்றனர். உறவில் நாட்டம் இருக்கிறது, உடலும் இணங்குகிறது, ஆயினும் உச்சநிலை கைகூடுவதில்லை, அல்லது வெகுநேரம் கழித்தே கைகூடுகிறது. இதனை மருத்துவரிடம் கூறக் கூசி மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் உண்டு. பழைய நோய் திரும்பிவந்த பின்னரே காரணம் வெளிப்படுகிறது. அதனாலேயே இதைப் பற்றி வெளிப்படையாக எழுத எண்ணினோம்.

பாலுறவில் இன்பம் படிப்படியாக உயர்ந்து, இடுப்புத்தளத் தசைகள் தாளகதியில் சுருங்கித் தளரும் அச்சில நொடிகளையே உச்சநிலை என்கிறோம். மூளையும் தண்டுவடமும் சேர்ந்து இயக்கும் அனிச்சைச் செயல் இது. எஸ்.எஸ்.ஆர்.ஐ. எனப்படும் மருந்துகள் மூளையில் செரட்டோனினின் செயலை மிகுவிக்கின்றன. மனத்தைத் தேற்றும் அதே செரட்டோனின் இந்த அனிச்சையைத் தாமதப்படுத்துகிறது. ஆண்களின் விந்து விரைவில் வெளியேறும் குறைக்கு இவ்வகையைச் சேர்ந்த டாப்பாக்ஸெட்டின் மருந்தாகவே வழங்கப்படுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இது நோயாளியின் கற்பனை அன்று என்பது விளங்கும். துணையின்மீது அன்பு குறைந்துவிட்டதற்கான அடையாளமும் அன்று. இவ்வொன்றைக் கணவன் மனைவி இருவரும் அறிந்துகொண்டாலே வீட்டின் பாதி மனத்தாங்கல் தீரும்.

ஆயினும் பழியை மருந்தின்மீதே போட்டுவிடுவதும் முறையன்று. மனச்சோர்வே இன்பத்தை மழுங்கடிக்கும் நோய். நீண்டகால நீரிழிவு, தண்டுவடப் பாதிப்பு, இடுப்புப் பகுதி அறுவை சிகிச்சை, மதுப்பழக்கம், மாதவிடாய் நின்றபின் வரும் உலர்வும் வலியும் எனக் காரணங்கள் பலவாகும். ஆதலால் மருத்துவர் முதலில் கேட்பது காலவரிசையை: இக்குறை என்று தொடங்கியது? மாத்திரைக்கு முன்பா, பின்பா? தனிமையிலும் அவ்வாறேயா, துணையுடன் மட்டுமா? இதுவரை ஒருமுறையேனும் உச்சநிலையை அறியாதவருக்கும், முன்பு அறிந்து இப்போது இழந்தவருக்கும் சிகிச்சை வேறுவேறு. பெண்களுள் பெரும்பாலோர்க்குப் புணர்ச்சி மட்டும் போதாது. கிளிட்டோரிஸ் பகுதியின் தூண்டலும் வேண்டும். இது குறைபாடு அன்று, உடலின் அமைப்பு. இதனை அறியாமல் ஆண்டுக்கணக்கில் தம்மையே நொந்துகொள்வோரை நாம் காண்கிறோம்.

மருந்தே காரணம் என்று தெளிந்தால் வழிகள் உள. சிலருக்குக் காத்திருந்தாலே குறை தணியும். பலருக்கு அவ்வாறு தணிவதில்லை. நோய் கட்டுப்பட்டிருப்பின் அளவை மெல்லக் குறைத்துப் பார்க்கலாம். பாராக்ஸெட்டின் போன்றவற்றிலிருந்து, இவ்விளைவு குறைவாக உள்ள புப்ரோபியானுக்கோ மிர்ட்டாஸபினுக்கோ மாறலாம். முன்னது வலிப்புநோய் உள்ளவர்க்கு ஆகாது. பின்னது உறக்கத்தையும் எடையையும் கூட்டக்கூடும். எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்தால் இக்குறை உற்ற பெண்களுக்கு சில்டெனாஃபில் ஓரளவு உதவியதாக 2008இல் ஓர் அமெரிக்க ஆய்வு தெரிவித்தது. எனினும் பெண்களுக்கென அது அங்கீகரிக்கப்பட்ட மருந்தன்று. நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மருந்து உட்கொள்வோர் அதைத் தொடவே கூடாது.

வார இறுதியில் இரண்டு நாள் மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்கின்றனர். இதனை நாம் பரிந்துரைப்பதில்லை. ஃப்ளூவாக்ஸெட்டின் உடலில் வாரக்கணக்கில் தங்குவதால் இரண்டு நாளில் பயன் இராது. விரைவில் வெளியேறும் பாராக்ஸெட்டினை நிறுத்தினாலோ தலைச்சுற்றல், குமட்டல், உறக்கக் குலைவு ஆகியன தலைகாட்டும். மிகச் சிலருக்கு மருந்தை நிறுத்திய பின்னும் இக்குறை நீடிப்பதுண்டு. இதனை மருந்துத் தாள்களில் குறிப்பிடுமாறு 2019இல் ஐரோப்பிய மருந்து முகமை பணித்தது. ஆதலின் குறையைத் தொடக்கத்திலேயே சொல்வது நல்லது.

மருந்தில்லா முறைகளையும் குறைத்து மதிப்பிட வேண்டா. அமெரிக்காவின் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970இல் வெளியிட்ட நூலில் விவரித்த தொடுகைப் பயிற்சி இன்றும் பயன்படுகிறது. முதல் சில வாரங்கள் புணர்ச்சியும் பிறப்புறுப்புத் தொடுகையும் விலக்கப்படும். இருவரும் முறைவைத்து ஒருவரையொருவர் வருடுவர். எது இதமாயிருக்கிறது என்பதைச் சொல்வர். உச்சநிலையை அடைந்தாக வேண்டும் என்ற தேர்வு மனப்பான்மை அதனால் விலகும். பிறகே படிப்படியாக அடுத்த நிலை. உச்சநிலையை ஒருபோதும் அறியாத பெண்களுக்கு, தம் உடலைத் தாமே அறிந்துகொள்ளும் வழிகாட்டப்பட்ட சுயஇன்பப் பயிற்சியே நன்கு ஆராயப்பட்ட சிகிச்சை. சுயஇன்பத்தால் நரம்பு தளரும் என்பது வெறும் அச்சுறுத்தல். அவ்வச்சத்தை விற்றுப் பிழைக்கும் விளம்பரங்களை 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடைசெய்கிறது. சுவரொட்டிகள் என்னவோ குறையவில்லை.

அடுத்த முறை வரும்போது உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கொண்டுவருக. வாயால் சொல்லத் தயங்குவோர் ஒரு துண்டுத் தாளில் “உறவில் சிரமம், இந்த மாத்திரை தொடங்கிய பிறகு” என்று எழுதி நீட்டினாலும் போதும். உடன் வந்தவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லுமாறு மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்.