ஷோனெஃபெல்டில் வாடகைக்கு விட வீடு வாங்குகிறீர்களா?

1980களின் முற்பகுதியில் ஈழத்திலிருந்து கிளம்பிய நம்மவர்கள் பலர் ஜெர்மனியில் முதலில் கால் வைத்த இடம் ஷோனெஃபெல்ட். கிழக்கு ஜெர்மனியின் அந்த விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் போனார்கள். 1985இல் அந்த வழி அடைபட்டது. 2020 அக்டோபர் 31இல் அதே ஊரில் பெர்லின்-ப்ராண்டன்புர்க் விமான நிலையம் திறந்த பிறகு, சுற்றிலும் புதுக் குடியிருப்புகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. பெர்லினில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா என்று யோசிக்கின்றன. தாராளமாக வாங்கலாம். ஜெர்மனியில் சொத்து வாங்க வெளிநாட்டவருக்குத் தடை இல்லை. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் கீழே உள்ளவற்றைப் பார்த்துவிடுங்கள்.

1. ஷோனெஃபெல்ட் பெர்லினை ஒட்டியிருந்தாலும் பெர்லின் மாநிலத்தில் இல்லை; ப்ராண்டன்புர்க் மாநிலத்தில் இருக்கிறது. அதனால் சொத்து மாற்று வரி 6.5 சதவீதம். எல்லைக்கு அந்தப் பக்கம் பெர்லினில் 6 சதவீதம்தான். 3 லட்சம் யூரோ வீட்டுக்கு வரி மட்டும் 19,500 யூரோ. நோட்டார் செலவும் பதிவுச் செலவும் சுமார் 2 சதவீதம். தரகர் இருந்தால் வாங்குபவர் பங்கு வழக்கமாக 3.57 சதவீதம். ஆக 36,000 யூரோவுக்கு மேல் வீட்டு விலைக்கு வெளியே போய்விடும். பெரும்பாலான வங்கிகள் இந்தத் தொகையைக் கடனில் சேர்க்காமல் உங்கள் கையிருப்பிலிருந்தே எதிர்பார்க்கும்.

2. வீட்டை ஞாயிறு மதியம் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். இரவு 12 முதல் காலை 5 வரை வழக்கமான விமானப் போக்குவரத்துக்குத் தடை. ஆகவே இரவு 11 மணிக்கு ஒரு முறை, விடிகாலை 5 மணிக்குப் பிறகு ஒரு முறை போய் நில்லுங்கள். காற்று மாறினால் விமானங்கள் ஏறும் இறங்கும் திசையும் மாறும். ஒரு நாள் அமைதியாக இருந்த தெரு மறுவாரம் அதிரலாம். படுக்கையறை ஜன்னலை மூடிக் கேளுங்கள், திறந்தும் கேளுங்கள். ஜன்னலை மூடினால் காற்று வர வழி இருக்கிறதா, சுவரில் காற்றோட்டக் கருவி பொருத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் கோடையில் வாடகைக்காரர் தூங்க முடியாது. ஒரு வருடத்தில் காலி செய்துவிடுவார். பழைய வீடானால், விமான நிலைய நிறுவனத்தின் ஒலித்தடுப்புத் திட்டத்தில் அதற்கு உரிமை உண்டா, உண்டென்றால் அந்தப் பணத்தை விற்பவர் ஏற்கெனவே வாங்கிவிட்டாரா என்று எழுத்தில் கேளுங்கள்.

3. இங்கே வாடகைக்கு வரக்கூடியவர்களில் பலர் விமான நிலையத்திலும் சரக்குக் கூடத்திலும் ஹோட்டல்களிலும் மாறுநேர வேலை பார்ப்பவர்கள். அதிகாலை 4 மணிக்கு வேலைக்கு நிற்க வேண்டியவருக்கு ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிடம் என்பதுதான் பெரிய கேள்வி. எஸ் 9, எஸ் 45 ரயில்கள் ஷோனெஃபெல்ட், வாஸ்மன்ஸ்டோர்ஃப் நிலையங்களில் நின்று விமான நிலையம் போகின்றன. க்ரோஸ்ஸீத்தன் அழகான இடம், ஆனால் ரயில் இல்லை. பஸ் பிடித்து ரூடோ போய் ஊ 7 சுரங்க ரயில் ஏற வேண்டும். வால்டர்ஸ்டோர்ஃபில் இக்கேயா முதல் பெரிய கடைகள் எல்லாம் உண்டு, அங்கேயும் ரயில் இல்லை. ஊ 7ஐ விமான நிலையம் வரை நீட்டுவது பற்றிப் பல வருடங்களாகப் பேசுகிறார்கள். அதைச் சொல்லி விலை கூட்டிக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

4. விளம்பரத்தில் வாடகை என்று போட்டிருப்பது எந்த வாடகை என்று கேளுங்கள். தண்ணீர், வெப்பமூட்டல் எல்லாம் சேர்ந்த வார்ம்மீட்டேயில் ஒரு பகுதி உங்கள் வருமானமே இல்லை. அவை சேராத கால்ட்மீட்டேயை வைத்துக் கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு அது மாதம் 900 யூரோ. கட்டடத்துக்கு நீங்கள் கட்டும் ஹவுஸ்கெல்டில் வாடகைக்காரரிடம் வாங்க முடியாத பகுதி (நிர்வாகக் கட்டணம், பராமரிப்புச் சேமிப்பு) 100 யூரோ என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு மிஞ்சுவது 9,600. மேலே சொன்ன 3,36,000 யூரோ முதலீட்டுக்கு அது 3 சதவீதம் கூட வராது. வங்கி வட்டி அதைவிட அதிகமானால் மாதாமாதம் கைக்காசு போட வேண்டும். இந்தக் கணக்கைத் தரகர் போட்டுக் காட்ட மாட்டார். நீங்களே ஒரு தாளில் போடுங்கள்.

5. அடுக்குமாடியில் வாங்குவதானால் உரிமையாளர் கூட்டத்தின் கடைசி மூன்று வருட நடவடிக்கைக் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். கூரை, லிஃப்ட், வெப்பமூட்டும் கருவி, நிலத்தடிக் கார் நிறுத்தத்தில் நீர்க்கசிவு ஆகியவை எங்கே வருகின்றன என்று தேடுங்கள். ஒரே விஷயத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் தள்ளிவைத்திருந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும். பராமரிப்புச் சேமிப்பில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

6. ஏற்கெனவே ஆள் இருக்கும் வீட்டை வாங்கினால் பழைய ஒப்பந்தம் அப்படியே உங்களோடு வரும். நினைத்தபடி காலி செய்யச் சொல்ல முடியாது. சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணம் வேண்டும், குறைந்தது மூன்று மாத அவகாசமும் தர வேண்டும். வாடகையை மூன்று வருடத்தில் 20 சதவீதத்துக்கு மேல் கூட்ட முடியாது. வீட்டுத் தட்டுப்பாடு என்று மாநிலம் அறிவித்த ஊர்களில் 15தான். புது ஆளுக்கு விடும்போதும் அந்த மாதிரி ஊர்களில் சுற்றுவட்டார வாடகையை விட 10 சதவீதம் வரைதான் கேட்கலாம். 2014 அக்டோபர் 1க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீடுகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ப்ராண்டன்புர்க் அரசின் நடப்புப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாடகையைத் தீர்மானியுங்கள்.

7. ஊரில் வில்லங்கச் சான்று பார்ப்பதுபோல இங்கே க்ருண்ட்புக் பாருங்கள். முதல் பகுதியில் உரிமையாளர், இரண்டாவதில் வழி உரிமை போன்ற சுமைகள், மூன்றாவதில் அடமானம். நோட்டார் இரு தரப்புக்கும் பொதுவானவர். விலை நியாயமா என்று அவர் சொல்ல மாட்டார். பத்திரத்தை முழுவதும் உரக்கப் படிப்பார். ஜெர்மன் சரளமாக வராவிட்டால் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. விற்பவர் நிறுவனமாக இருந்தால் வரைவுப் பத்திரம் வழக்கமாக இரண்டு வாரம் முன்னதாகவே உங்கள் கையில் இருக்க வேண்டும். பணம் கட்டலாம் என்று நோட்டாரிடமிருந்து கடிதம் வரும்வரை விற்பவருக்கு ஒரு யூரோ கூட அனுப்பாதீர்கள்.

8. சீட்டு எடுத்த பணத்தை இதில் போட நினைப்பவர்கள் கவனியுங்கள். 2023 ஏப்ரல் முதல் வீட்டு விலையை ரொக்கமாகக் கட்டக் கூடாது. கையிருப்பு எங்கிருந்து வந்தது என்று வங்கி கேட்கும். கணக்கில் வராத பணத்துக்கு அங்கே பதில் கிடையாது. இந்தியாவிலிருந்து அனுப்புகிறவருக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் வரம்பு.

9. வரியில் கட்டடத்தின் தேய்மானத்தைக் கழிக்கலாம்: பொதுவாக வருடம் 2 சதவீதம், 2023 முதல் கட்டி முடித்த வீடுகளுக்கு 3. நிலத்துக்குக் கழிவு இல்லை. ஆகவே பத்திரத்திலேயே நில விலையையும் கட்டட விலையையும் நியாயமாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். கடன் வட்டியும் கழியும். பத்து வருடத்துக்குள் விற்றால் லாபத்துக்கு வரி உண்டு.

10. முன்பணம் மூன்று மாதக் கால்ட்மீட்டேக்கு மேல் கேட்கக் கூடாது. வாடகைக்காரர் அதை மூன்று தவணையாகக் கட்டலாம். அதை உங்கள் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வையுங்கள். சாவி கொடுக்கும் அன்று ஒவ்வோர் அறையையும், மின்சார, தண்ணீர், வெப்ப மீட்டர்களின் எண் தெரியும்படியும் படம் எடுத்து, இருவரும் கையெழுத்திட்ட குறிப்போடு வைத்துக்கொள்ளுங்கள். முகவரிப் பதிவுக்கான உரிமையாளர் சான்றையும் அன்றே கொடுத்துவிடுங்கள். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அது இல்லாமல் மற்ற வேலைகள் நகராது. வருடக் கணக்கு முடிந்து 12 மாதத்துக்குள் செலவுக் கணக்கை அனுப்பாவிட்டால் கூடுதல் தொகையை வாங்கும் உரிமை போய்விடும்.

11. சொந்தக்காரருக்கு விட்டாலும் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், வாடகை வங்கி வழியாக வரட்டும். சலுகை கொடுக்க மனம் வரும்; கொடுங்கள். ஆனால் சுற்றுவட்டார வாடகையில் 66 சதவீதத்துக்குக் கீழே போகாமல் இருந்தால் உங்கள் செலவுகளை வரியில் முழுமையாகக் கழிக்கலாம். 50க்கும் 66க்கும் இடையில் இருந்தால் வரி அலுவலகம் லாபக் கணிப்புக் கேட்கும். 50க்கும் கீழே இறங்கினால் செலவில் ஒரு பகுதிதான் கழியும்.