ஸ்கேன் சுத்தம், கிறுகிறுப்பு மட்டும் போகவில்லை

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. கோழித்தீவனக் கடையில் கணக்கு எழுதுகிறார். ஏழு வாரத்துக்கு முன் நாய் குறுக்கே வந்து பைக்கிலிருந்து விழுந்தார். ஹெல்மெட் போட்டிருந்தார், ஓரிரு நிமிடம் நினைவில்லை. அன்றே சிடி ஸ்கேன் எடுத்து, ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிட்டார்கள். இன்னும் தலைவலி விடவில்லை. படுக்கையில் புரண்டால் கிறுகிறுக்கிறது. கணக்கில் தப்பு விடுகிறார், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். தினமும் வலி மாத்திரை போடுகிறார். எம்ஆர்ஐ எடுத்தால் தெரிந்துவிடும் என்கிறார்கள். கடன் வாங்கியாவது எடுக்கலாமா?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: கடன் இப்போது வேண்டாம். முதலில் ஒரு நரம்பியல் மருத்துவர் அவரை நேரில் பரிசோதிக்கட்டும்.

விபத்தன்று சிடி எடுப்பது ரத்தக் கசிவு, எலும்பு முறிவு, உடனடி ஆபரேஷன் தேவையா என்று பார்க்கத்தான். ‘ஒன்றுமில்லை’ என்றால் அவை இல்லை என்று பொருள். அடியே படவில்லை என்று பொருள் அல்ல. மூளை குலுங்கும்போது நுண்ணிய நரம்பிழைகள் இழுபடும், செல்களின் வேதிச் சமநிலை குலையும். சிடியில் இது தெரியாது. ஆகவே ‘நடிக்கிறார்’ என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

எம்ஆர்ஐ கூடுதலாகக் காட்டும் என்பது உண்மைதான். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், லேசான தலைக்காயம் பட்டு சிடி சரியாக இருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு, சுமார் இரண்டு வாரத்துக்குள் எடுத்த எம்ஆர்ஐயில் மாற்றம் தெரிந்தது. ஆனால் இப்படித் தெரியும் சிறு ரத்தப்புள்ளிகளுக்கென்று தனி மருந்து கிடையாது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஒரே சிகிச்சைதான். எம்ஆர்ஐ சுத்தமாக வந்தால் தலைவலி போய்விடுமா என்றால், அதுவும் இல்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 2,000 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள் (2007). 7.2 சதவீதம் பேருக்கு அவர்களே அறியாத பழைய ரத்த அடைப்பின் தடம், 1.8 சதவீதம் பேருக்கு ரத்தக்குழாய் வீக்கம். விழுந்ததோடு தொடர்பே இல்லாத இப்படி ஒன்று ரிப்போர்ட்டில் வந்துவிட்டால், தூக்கம் போவது உங்கள் வீட்டில்தான். நரம்பிழைகளை வண்ணத்தில் காட்டும் டிடிஐ ஸ்கேனையும் சிலர் பரிந்துரைப்பார்கள். ஆராய்ச்சியில் குழுவோடு குழுவை ஒப்பிட அது உதவும். தனி ஒருவருக்கு நோய் சொல்ல இன்னும் போதாது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது, ‘புரண்டால் கிறுகிறுக்கிறது’ என்பது. தலையில் அடிபட்டால் உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறிவிடலாம். அப்போது தலையைத் திருப்பும்போதெல்லாம் உலகம் சுழலும். எந்த ஸ்கேனிலும் இது தெரியாது. மருத்துவர் அவரைச் சட்டென்று படுக்கவைத்து, தலையைத் திருப்பி, கண் ஆடுகிறதா என்று பார்ப்பார். அதுவாக இருந்தால், தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பும் எப்லி முறையில் சில நிமிடங்களில் சரிசெய்யலாம். கழுத்திலும் அடிபட்டிருக்கலாம் என்பதால் வீடியோ பார்த்து வீட்டிலேயே செய்யாதீர்கள். கிறுகிறுப்பு நிற்கும்வரை பைக் வேண்டாம்.

அடுத்தது மாத்திரை. மாதத்தில் பதினைந்து நாளுக்கு மேல் (கூட்டு மருந்தென்றால் பத்து நாளுக்கு மேல்) தொடர்ந்து போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை நீட்டிக்கும். எப்படிக் குறைப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். கழுத்து வலி, தூக்கம், மனச்சோர்வு மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். கணக்குத் தப்புக்கும் கோபத்துக்கும் பாதிக் காரணம் அங்கேயே கிடைக்கலாம். முழு ஓய்வு முதல் ஓரிரு நாளுக்குத்தான். இப்போது தினமும் நடக்கட்டும், அரைநாள் வேலைக்குப் போகட்டும்.

தலைவலி நாளுக்கு நாள் கூடினாலோ, வாந்தி, மந்தம், வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மூளையின் மேலுறைக்கு அடியில் மெதுவாகச் சேரும் ரத்தம் வாரங்கள் கழித்தும் வெளிப்படும். வயதானவர்களுக்கும், மதுப்பழக்கம் உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். அதைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் சாதாரண சிடியே போதும்.

பழைய சிடி படத்தையும் மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். பரிசோதித்த பிறகு மருத்துவரே எம்ஆர்ஐ எழுதினால், அதன் முடிவு சிகிச்சையில் எதை மாற்றும் என்று கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் தயங்காமல் எடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தனியாரைவிடக் குறைந்த கட்டணத்தில் எடுக்கலாம்.