ஒரே ஆளுக்கு எத்தனை பதிவேடு?

எங்கிருந்து வந்தது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கிராம சேவகர், பிரதேச செயலகம், பிரதேச சபை, பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் அதே பெயர், அதே விலாசம், அதே பிறப்புப் பத்திரப் பிரதி. இப்போது எல்லாக் கந்தோரிலும் கம்பியூட்டர் இருக்கிறது. அவற்றை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் நம் அலைச்சலும் அரசாங்கச் செலவும் குறையுமே. இந்த யோசனை முதலில் எங்கே தோன்றியது? – வாசகி, கொட்டகலை

பதில்: நடைமுறையில் செய்துகாட்டியவர்களில் டென்மார்க்காரர்களை முன்வரிசையில் வைக்கவேண்டும். அங்கே ஒவ்வொரு ஊராட்சியும் 1924 முதலே தன் எல்லைக்குள் வசிப்பவர்களின் பதிவேட்டை வைத்திருந்தது. சம்பளத்திலிருந்து நேரே வரியைப் பிடித்துக்கொள்ளும் முறைக்கு அரசு தயாரானபோது, யார் எங்கே இருக்கிறார் என்பது நாடு முழுவதற்கும் ஒரே இடத்தில் தெரியவேண்டியிருந்தது. 1968 ஏப்ரல் 2ஆம் திகதி மத்தியப் பதிவேடு பிறந்தது; ஆளுக்கொரு பத்து இலக்க எண்ணும் வந்தது. 1970இல் ஆயிரத்துக்கு மேல் இருந்த ஊராட்சிகளைச் சேர்த்து 277 ஆக்கினார்கள். அன்றைய கணினி ஒன்றின் விலை எந்தச் சிறிய சபைக்கும் கட்டுப்படியாகாது. அதனால் 1972இல் ஊராட்சிகள் கூட்டாக 'கொமூனடேட்டா' என்ற கணினி நிறுவனத்தை அமைத்தன. செலவைக் குறைக்கச் சபைகள் கைகோத்ததற்கு அது நல்ல சான்று.

அதே காலத்தில் அமெரிக்காவும் முயன்றது. 1970ஐ ஒட்டி ஆறு நகரங்களைத் தேர்ந்து மத்திய அரசு பணம் கொடுத்தது. அவற்றில் சார்லட், விச்சிட்டா போல்ஸ் ஆகிய இரண்டிலும் நகரசபையின் எல்லா வேலைகளையும் ஒரே கணினி ஏற்பாட்டுக்குள் கொண்டுவர நினைத்தார்கள். எண்ணியது பெரும்பாலும் முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கட்ட நினைத்த திட்டங்கள் பல நாடுகளில் இப்படித்தான் பாதியில் நின்றிருக்கின்றன.

எஸ்தோனியா வேறு வழியில் போனது. சோவியத்திலிருந்து பிரிந்து பத்தாண்டுதான் ஆகியிருந்தது, கையில் காசு குறைவு. எல்லாத் தரவையும் ஒரே இடத்தில் கொட்டாமல், அவரவர் பதிவேட்டை அவரவரே வைத்துக்கொண்டு, கேள்வியும் பதிலும் மட்டும் பாதுகாப்பாகப் போய்வர ஒரு பாதை போட்டார்கள். 2001 டிசம்பரில் தொடங்கிய அந்தப் பாதைக்கு எக்ஸ்-ரோட் என்று பெயர். ஓர் அலுவலகம் அரசிடம் ஏற்கெனவே இருக்கும் விவரத்தைக் குடிமகனிடம் மறுபடி கேட்கக்கூடாது என்பது அங்கே விதி. தன் விவரத்தை யார் பார்த்தார்கள் என்பதைக் குடிமகனே திறந்து பார்க்கவும் முடியும். இந்த இரண்டாவது வசதிதான் எனக்கு முதலாவதைவிடப் பெரிதாகப் படுகிறது.

செலவுக் கணக்கில் நம் பக்கச் செலவையும் எழுதவேண்டும். 2024 செப்டெம்பர் வர்த்தமானி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாள் சம்பளத்தை 1,350 ரூபாயாக நிர்ணயித்தது. ஒரு பத்திரத்துக்காகப் பிரதேச செயலகத்துக்குப் போனால் அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போய்விடும், பஸ் காசு வேறு. கையொப்பமிட வேண்டிய உத்தியோகத்தர் அன்று இல்லையென்றால் இன்னொரு பேரும் போகும். இந்தத் தொகை எந்தத் திணைக்களத்தின் வரவுசெலவுத் திட்டத்திலும் ஏறுவதில்லை. தரவை இணைத்தால் அதிகம் மிச்சப்படுவது இதுதான்.

கேள்வி: கணினி வருவதற்கு முன் நம் மலைநாட்டில் இப்படி ஓர் இலக்கத்தால் பல அலுவலகங்களை இணைத்த ஏற்பாடு இருந்ததா? – வாசகர், மஸ்கெலியா

பதில்: இருந்தது. அதைத் தாத்தா பாட்டிகள் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தகரத்துண்டு முறையைத்தான் சொல்கிறேன். ஆள் தேவைப்படும் தோட்டம் முதலில் தன்னைப் பதிவு செய்துகொள்ளும். அதற்கு இலக்கம் பொறித்த சிறு தகர வில்லைகள் கிடைக்கும். தோட்டத்துக்கு ஓர் அடையாளம், ஆளுக்கு ஓர் எண். கங்காணி அவற்றைத் தமிழகத்துக் கிராமங்களுக்கு எடுத்துச்சென்று, புறப்படுகிறவர்களின் கழுத்தில் கட்டிவிடுவார். திருச்சிராப்பள்ளியில் 1904இல் இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் அமைந்தது. தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் 1914இல் ஓடத் தொடங்கிய பிறகு மண்டபம் முகாம் பெரிய வாயிலானது. ரயில்காரர், கப்பல்காரர், முகாம் வைத்தியர், தோட்டத்து எழுதுவினைஞர் என்று ஒவ்வொருவரும் அந்த வில்லையைப் பார்த்துத் தங்கள் புத்தகத்தில் எண்ணைப் பதிந்தார்கள். வழியில் யாரும் பணம் கேட்கவில்லை. பயணச் செலவும் சாப்பாட்டுச் செலவும் அந்த எண்ணின் பேரில் குறிக்கப்பட்டு, பிறகு தோட்டத்திடம் அறவிடப்பட்டன.

நிர்வாகக் கண்ணால் பார்த்தால் மிகத் திறமையான ஏற்பாடு. ஒருவரை ஒருவர் காணாத பல அலுவலகங்கள் ஓர் எண்ணை நம்பிக் கணக்கை முடித்துக்கொண்டன. இடையில் தொலைந்த ஆளும் குறைவு, தொலைந்த காசும் குறைவு. அந்த மிச்சம் தோட்டத்துக்குப் போனது. செலவோ கங்காணி வழியாகத் தொழிலாளியின் பற்றில் ஏறியது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் முதல் பேர் விழுவதற்கு முன்பே அவர் கடனாளி. அந்தக் கடன் எவ்வளவு, யார் வைத்திருக்கிறார்கள் என்று தம் எண்ணைக் காட்டிக் கேட்க அவருக்கு வழியில்லை. தோட்டம் மாறுவதற்கும் கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். புதிய தோட்டம் கடனைக் கட்டினால்தான் விடுதலை. அந்தக் கடன் துண்டு முறையை 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது.

அதனால் தரவு இணைப்பு என்று யார் திட்டம் கொண்டுவந்தாலும் மலையகத்துக்காரர் முதலில் கேட்கவேண்டியது, எண்ணுக்கு உரியவர் தன் கணக்கைத் தானே பார்க்க முடியுமா என்பதைத்தான்.

கேள்வி: அம்பகமுவ சபையையும் நுவரெலியா பிரதேச சபையையும் மூன்று மூன்றாகப் பிரித்தார்களே, அது செலவைக் கூட்டிவிடவில்லையா? – வாசகர், அக்கரப்பத்தனை

பதில்: பிரித்தது நியாயம். 2012 குடிசன மதிப்பீட்டில் அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரு பிரதேச செயலாளர் பிரிவுகளிலும் தலா இரண்டு இலட்சத்துக்கு மேல் சனம். நாட்டில் எத்தனையோ சபைகள் அதில் கால்பங்கு சனத்தோடு இயங்கின. 2018 தேர்தலோடு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகள் வந்ததால் தலைவரும் உறுப்பினரும் தோட்டத்துக்கு அருகில் வந்தார்கள். அதே 2018இல் இன்னொரு முக்கியமான மாற்றமும் நடந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாகச் சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிப்பது தடைப்பட்டிருந்தது. அது திருத்தப்பட்டது. ஆனால் முப்பது ஆண்டுகள் சபை கால்வைக்காத இடத்தின் வீதியும் லயமும் தண்ணீர்க் குழாயும் சபையின் பதிவேட்டில் எப்படி இருக்கும்? அந்த விவரம் கம்பனியின் தோட்டக் கந்தோரிலும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்திலும் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையிலும் துண்டுதுண்டாகக் கிடக்கிறது.

நீங்கள் சொல்லும் செலவு உண்மையில் கூடுவது ஒவ்வொரு சபையும் தனக்கென்று தனி மென்பொருள் வாங்கி, தனியே பராமரித்து, தனியே ஆள் பழக்கும்போது. இதற்குக் கேரளம் நல்ல வழி காட்டியிருக்கிறது. அங்கே 1,200 உள்ளாட்சி அமைப்புகள். அதில் 941 கிராமப் பஞ்சாயத்துகள். 1999இல் 'இன்பர்மேசன் கேரளா மிஷன்' என்ற ஒரே அமைப்பை ஏற்படுத்தினார்கள்; எல்லாச் சபைகளுக்கும் பொதுவான மென்பொருளை அது எழுதியது. பிறப்பு இறப்புப் பதிவுக்கு 'சேவனா', வரிக்கு 'சஞ்சயா', கணக்குக்கு 'சாங்க்யா' என்று பெயர்கள். அவையும் வெகுகாலம் தனித்தனியாகவே ஓடின. அவற்றின் வேலையை ஒன்றாக்கும் 'கே-ஸ்மார்ட்' 2024 ஜனவரி 1 அன்றுதான் நகரசபைகளில் தொடங்கியது. பஞ்சாயத்துகளுக்கு 2025 ஏப்ரலில் வந்தது. கால் நூற்றாண்டு பிடித்திருக்கிறது. நுவரெலியா மாவட்டத்து இந்த ஆறு சபைகள் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. பிரிவதற்கு முன் இரண்டாக இருந்தவைதான் அவை. பழைய பதிவேடுகள் பொதுவானவை. ஆறுக்கும் ஒரே வரிப் பதிவேடு, ஒரே தண்ணீர்க் கணக்கு, ஒரே வீதிப் பட்டியல் என்று தொடங்கினால் தீர்மானம் எடுக்கும் அதிகாரம் அவரவர் சபையிலேயே இருக்கும்.

கேள்வி: என் அம்மாவுக்குத் தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர். சேமலாப நிதி எடுக்க முடியாமல் அலைகிறோம். கணினிகளை இணைத்துவிட்டால் இதெல்லாம் சரியாகிவிடுமா? – வாசகி, நோர்வூட்

பதில்: ஆகாது. சரிபார்க்காமல் இணைத்தால் இன்னும் மோசமாகும். இன்று ஓர் அலுவலகத்தில் நிற்கும் சிக்கல், இணைத்த மறுநாள் எல்லா அலுவலகங்களிலும் நிற்கும்.

இந்தக் கோளாறின் வேர் எங்கே என்று பாருங்கள். தோட்டத்தில் நடக்கும் பிறப்பு இறப்புகளை அறிவிக்கும் பொறுப்பைச் சட்டம் தோட்ட அதிகாரியிடம் விட்டிருந்தது. தாய் தமிழில் சொன்ன பெயரை ஒருவர் ஆங்கிலத்தில் எழுதினார், இன்னொருவர் சிங்களத்தில் எழுதினார், அடையாள அட்டைக்குப் போனபோது அது மூன்றாவது உருவம் எடுத்தது. கணக்கப்பிள்ளை செக்ரோலில் லயத்தில் அழைத்த பெயரையே போட்டார். லெட்சுமி என்ற ஒரு பெண் இப்படி நாலு பேராகிறார். கணினிக்கு எழுத்து மாறினால் ஆள் வேறு.

பெயர் பொருந்தாத இடத்தில் இலக்கம் கைகொடுக்கவேண்டும். அங்கேதான் மலையகம் மற்றவர்களுக்குப் பின்னால் தள்ளப்பட்டது. ஆட்பதிவுச் சட்டம் 1968இல் வந்தது. 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கினார்கள். அது பிரசைகளுக்கான அட்டை. நம்மவர்களோ 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகியிருந்தார்கள். 1964 அக்டோபர் 30 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை முன்வைத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். அதற்குப் பிறகும் எஞ்சியவர்களுக்கு 1988இலும் 2003இலும் தனிச் சட்டங்கள் வேண்டியிருந்தன. மற்ற ஊர்களில் 1972இல் தொடங்கிய இலக்கம் பல லயங்களுக்கு முப்பது ஆண்டு பிந்தி வந்தது. அந்த முப்பது ஆண்டுச் சேவைக்காலம் முழுவதும் செக்ரோலில் பெயராக மட்டுமே கிடக்கிறது.

விலாசமும் அப்படியே. லயக்காம்பிராவுக்கு இலக்கமிட்ட தபால் விலாசம் இல்லாத தோட்டங்கள் ஏராளம். கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து, யாராவது எடுத்துக்கொடுத்தால்தான் கைக்கு வரும். 2023இல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் வந்தபோது குடும்பத்தை அலகாகக் கொண்டு கணினியில் புள்ளியிட்டார்கள். ஒரே கூரையின் கீழ் இரண்டு மூன்று குடும்பம் இருக்கும் லயத்தில் வீடு எது, குடும்பம் எது என்று தரவுத்தளத்துக்கு எப்படிச் சொல்வது?

ஆகவே முதல் செலவு திருத்தத்துக்குத்தான் போகவேண்டும். தோட்டம் தோட்டமாகத் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர்கள் பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, சேமலாப நிதி இலக்கம் மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமையில் நடமாடும் சேவை நடத்தவேண்டும். எந்த மென்பொருளும் அந்த வேலையைச் செய்யாது. உங்கள் அம்மாவுக்கு இப்போதைக்கு: பெயர்கள் இரண்டும் ஒரே ஆளுடையவை என்று தோட்ட நிர்வாகத்திடமும் கிராம சேவகரிடமும் எழுத்தில் உறுதி வாங்கி, தொழில் திணைக்களத்தில் கொடுங்கள். பிரதியைத் தவறாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதிய டிஜிட்டல் அடையாள அட்டையில் இந்தியாவின் பங்கு என்ன? – வாசகர், தலவாக்கலை

பதில்: பணமும் தொழில்நுட்ப உதவியும். 2022 மார்ச்சில் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்தன. நன்கொடையாக நிதி தருவதாக இந்தியா ஒப்புக்கொண்டது. அதற்கு அடிப்படையாகப் பேசப்படுவது பெங்களூரில் 2018இல் தொடங்கிய 'மோசிப்' என்ற திறந்த மூல மென்பொருள். பிலிப்பைன்ஸ், மொரோக்கோ நாடுகளும் அதைப் பயன்படுத்துகின்றன. நம் பக்கத்தில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும் பிழையைத் திருத்தச் சொல்லவும் அது உரிமை வகுத்திருக்கிறது. கைரேகை எடுக்க வண்டி தோட்டத்துக்கு வருமுன் அந்த உரிமை முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கவேண்டும். அதற்கான விண்ணப்பப் படிவம் தமிழில் கிராம சேவகரின் மேசையில் இருக்கவேண்டும்.