முகவுரையில் உள்ள 'நாம்'

ஆண்டுதோறும் நவம்பர் 26 அன்று பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் மக்கள் எழுந்து நின்று, நம் அரசியலமைப்பின் முகவுரையை ஒருமித்த குரலில் வாசிக்கின்றனர். 1949-இல் அரசியல் நிர்ணய சபை அரசியலமைப்பை ஏற்றுக்கொண்ட நாள் அது. 2015 முதல் அரசியலமைப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

முகவுரையின் அமைப்பு ஒரு சங்கல்பத்தை ஒத்தது. செய்பவர் யார், எந்த நாளில், எதன் பொருட்டு என்னும் மூன்றும் அதில் உண்டு. 'இந்திய மக்களாகிய நாம்' என்பதே எழுவாய். அளிப்பவரும் பெறுபவரும் அந்த 'நாம்' தான். ஆகவே, அதை வாசிப்பவர் பிறர் இட்ட ஆணையைப் படிப்பவர் அல்லர். தாமே பூண்ட விரதத்தை உரைப்பவர்.

இச்சங்கல்பத்தில் இறைவன் பெயர் ஏன் இல்லை என்று பக்தர் சிலர் வினவுவதுண்டு. நியாயமான வினாவே. 1949 அக்டோபர் 17 அன்று எச்.வி.காமத், 'கடவுளின் பெயரால்' எனத் தொடங்கவேண்டும் என்று திருத்தம் கொணர்ந்தார். எதிர்த்துப் பேசியோர் கடவுள் உண்டா இல்லையா என்று வாதிடவில்லை. நம்பிக்கையில் கட்டாயம் புகுந்துவிடாதா என்று கேட்டார் பட்டம் தாணுப்பிள்ளை. எல்லோருக்கும் நம்பிக்கைச் சுதந்திரத்தை உறுதியளிக்கும் முகவுரையுடனேயே அது முரண்படும் என்றார் குன்ஸ்ரு. இறைவனை வாக்கெடுப்புக்கு உள்ளாக்கும் சங்கடத்தை எங்களுக்குத் தரவேண்டாம் என்று வேண்டினார் பூர்ணிமா பானர்ஜி. ஆயினும் வாக்கெடுப்பு நடந்தது: ஆதரவு 41, எதிர்ப்பு 68.

தோற்றது இறைவனா? அன்று. கையுயர்த்தி எண்ணிப் பார்க்கத்தக்க பொருளன்று அது. காக்கப்பட்டது 'நாம்' என்னும் சொல்லின் அகலம். நம்பாதவர் ஒருவர் வாய்மூடி நிற்க நேர்ந்தால், அச்சொல் அந்த அளவுக்குப் பொய்யாகிவிடும். அதேசமயம் பக்தரின் வழியும் அடைபடவில்லை. குடியரசுத் தலைவர் பதவியேற்கையில் கடவுளின் பெயராலும் உறுதி கூறலாம், மனச்சான்றின்படியும் கூறலாம். 60-ஆம் பிரிவு இரண்டையும் அருகருகே வைத்திருக்கிறது.

முகவுரையின் மற்றொரு சொல் இன்னும் கடினமானது: சகோதரத்துவம். 1946 டிசம்பர் 13 அன்று நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானத்தில் அச்சொல் இல்லை. அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுவே பின்னர் அதைச் சேர்த்தது. நீதியையும் சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் நாடி நீதிமன்றம் செல்லலாம். அயலானைத் தமையனாக எண்ணும்படி எந்த நீதிமன்றமும் ஆணையிட இயலாது. விழாக் கூடத்தைக் காலையில் பெருக்கிச் சுத்தம் செய்தவர், வாசிப்பின்போது வரிசையில் நின்றாரா, வாசலுக்கு வெளியே நின்றாரா என்பதைச் சட்டம் கவனிப்பதில்லை. கூட்டத்தை நடத்துவோரே கவனிக்கவேண்டும்.

அம்பேத்கர் இதை அறிந்தே இருந்தார். அரசியலமைப்பு ஏற்கப்படுவதற்கு முந்தைய நாள், 1949 நவம்பர் 25 அன்று, சபையில் ஆற்றிய உரையில் இச்சொல்லைப் பற்றி விரிவாகப் பேசினார். பல்லாயிரம் சாதிகளாகப் பிரிந்து கிடக்கும் மக்கள் ஒரு தேசமாவது எங்ஙனம் என்று உறுப்பினர்களை நோக்கி வினவினார். மறுநாள் அவர்கள் 'நாம்' என்று தொடங்கும் அந்த ஆவணத்தை ஏற்றுக்கொண்டனர்.